மழைக்கு முன்னால் பம்பு வாங்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. எங்கள் சிந்துபூந்துறையில் இப்போதே நாலைந்து வீடுகளில் வெள்ளத் தண்ணீரை இறைக்க ஒரு பம்பு வாங்கிப் போடலாமா என்று பேச்சு நடக்கிறது, நான் செய்த தவறை அவர்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது, அதனால் தாமிரபரணி ஆறு இறங்கித் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. அவசரத்துக்குப் பாளையங்கோட்டையில் திறந்திருந்த ஒரு கடையில், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த அரை ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் வாங்கினேன். கரண்ட் வரவே இரண்டு நாள் ஆயிற்று. வந்ததும் போட்டால், பத்து நிமிடம் உறுமிவிட்டு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் முழுக்க வாழைச் சருகும் களிமண்ணும் அப்பிக் கிடந்தன. அது நல்ல தண்ணீர் இறைக்கிற மோட்டார். எதற்கு என்று கடையில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் மைத்துனர் வயலில் இருந்து பெட்ரோலில் ஓடுகிற பம்பைக் கொண்டுவந்து போட்டார், ஒரு மணி நேரத்தில் தரை தெரிந்தது.

அதனால், வெள்ளத்துக்கு என்றே வாங்குவதானால் பெட்ரோல் பம்புதான், அதிலும் சேற்றுத் தண்ணீர் இழுக்குமா, எவ்வளவு பெரிய கல் வரை உள்ளே போய் வெளியே வரும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு இரண்டு இன்ச் ஹோஸ் மாட்டுகிற பம்பு போதும். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது வருகிற கணக்கு, ஏற்ற ஏற்றக் குறையும். இழுக்கிற பக்கத்துக்குச் சுருள் கம்பி வைத்த கெட்டி ஹோஸ் வேண்டும், சாதாரண ஹோஸ் போட்டால் உறிஞ்சும்போதே ஒட்டிக்கொண்டு தண்ணீர் வராது. நுனியில் சல்லடையும் அவசியம். ஆறு இறங்காமல் இறைத்துப் பிரயோசனமில்லை, வெளியே விட்ட தண்ணீரே திரும்ப உள்ளே வரும்.

இன்னொன்று, தயவுசெய்து வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். பெட்ரோல் இன்ஜின் விடுகிற புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். பம்பு வெளியே இருக்கட்டும், ஹோஸ் மட்டும் உள்ளே வரட்டும்.

டொராண்டோவில் இருக்கிற என் மகன் வாசலில் விழுகிற பனியை அள்ளி வீச ஒரு மெஷின் வைத்திருக்கிறான், பனிக்காலம் முடிந்ததும் டேங்கில் இருக்கிற பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் மூடி வைப்பான். நம் பம்புக்கும் அதேதான். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் கெட்டுப்போய்க் கார்புரேட்டரை அடைத்துவிடும், வெள்ளம் வந்த அன்றைக்குக் கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும்.

வீட்டுக்கொன்று வாங்க வசதியில்லாதவர்கள் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்யப் போகிறோம். கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பம்பு கேட்டு வருகிறவரிடம் நல்ல தண்ணீருக்கா, சேற்றுத் தண்ணீருக்கா என்று கேட்டுவிட்டு, ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி