மண்ணை மூடும் முன் ஒரு நாள் பொறுங்கள்: பிளம்பர்களுக்கும் கொத்தனார்களுக்கும் ஒரு திறந்த மடல்

குழாய் வேலை செய்யும் பிளம்பர்களுக்கும், செப்டிக் டேங்க் கட்டும் கொத்தனார்களுக்கும், இருவரையும் மேற்பார்க்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

கட்டட வேலைகளைக் கூடவே நின்று பார்ப்பது என் பிழைப்பு. கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை, வீட்டுக்குள் நாற்றம் வருகிறது என்று யாராவது கூப்பிட்டால், எல்லோரும் முதலில் டேங்கைத்தான் திட்டுவார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் டேங்க் சரியாகவே இருக்கும். கோளாறு வீட்டுச் சுவருக்கும் டேங்க் சுவருக்கும் நடுவில் ஓடும் அந்தச் சில அடிக் குழாயில் இருக்கும், அல்லது குழாய் டேங்குக்குள் நுழையும் இடத்தில் இருக்கும்.

உங்களுக்கு வேலை தெரியாமல் இது நடப்பதில்லை. அந்த இடம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை, அவ்வளவுதான். கொத்தனார் டேங்கைக் கட்டி ஒரு துளை விட்டுவிட்டுப் போகிறார். பிளம்பர் வீட்டு வேலையை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் அந்தத் துளைக்குக் குழாயைக் கொண்டுவருகிறார். உயரம் ஒத்துப்போகவில்லை என்றால் எல்போ எனும் ஒரு வளைவுத் துண்டைப் போட்டு ஒப்பேற்றி, சாயங்காலத்துக்குள் மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள்.

ஆகவே, டேங்குக்குக் குழி தோண்டும் நாளிலேயே பிளம்பரையும் கூப்பிடுங்கள். தொலைவில் இருக்கும் கழிவறையிலிருந்து டேங்க் வரை நாடா பிடித்து அளந்தால், துளை எந்த மட்டத்தில் வர வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். நான்கு அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பது வழக்கம். பத்து மீட்டர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 17 முதல் 25 சென்டிமீட்டர் இறக்கம். இதை டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துப் பார்க்க வேண்டும், கண்மட்டம் போதாது. வாட்டம் குறைந்தால் கழிவு வழியிலேயே தங்கும். கடைசியில் செங்குத்தாக இறக்கி விட்டால் டேங்குக்குள் தண்ணீர் வேகமாக விழுந்து, அடங்கிக் கிடக்கும் கசடைக் கலக்கிவிடும். திரும்பும் இடத்தில் 90 பாகை எல்போ வேண்டாம். இரண்டு 45 பாகை பெண்ட் போடுங்கள், அல்லது ஒரு சேம்பர், அதாவது மூடியுள்ள சிறு தொட்டி, கட்டுங்கள்.

அப்புறம், டீ. ஆங்கில T எழுத்து வடிவில் இருக்கும் குழாய் இணைப்புத் துண்டு. நான் அதிகம் சண்டை போட்டது இந்தச் சின்னப் பொருளுக்காகத்தான். டேங்குக்குள் கழிவு மூன்றாகப் பிரிகிறது: மேலே எண்ணெயும் மிதப்பதும் சேர்ந்த ஏடு, அடியில் கசடு, நடுவில் ஓரளவு தெளிந்த நீர். வெளியே போக வேண்டியது நடுவில் இருப்பது மட்டும். வெளிவாயில் டீ மாட்டி, அதன் கீழ்க்காலை ஏட்டைத் தாண்டி நடு நீருக்குள் இறக்கினால்தான் அது நடக்கும். வெறும் குழாயை நீட்டி விட்டால் ஏடு நேராக, வெளிவரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். டேங்கில் சேர்ந்ததை உறிஞ்சி எடுத்துவிடலாம். அடைத்துப்போன மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது, பெரும்பாலும் வேறு குழிதான் தோண்ட வேண்டிவரும். உள்வாயிலும் டீ வேண்டும், வந்து விழும் தண்ணீர் ஏட்டைக் கலைக்காமல் கீழ்நோக்கி இறங்குவதற்காக. டீயின் மேல்வாயை மூடிப் போட்டு அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வாயு மேலேறுவதும், அடைப்பெடுக்கக் கம்பி விடுவதும் அந்த வழியாகத்தான். டேங்கின் மூடியும் அந்த டீக்கு நேர் மேலே வரட்டும்.

உள்வாய் வெளிவாயைவிட இரண்டு மூன்று அங்குலம் உயரமாக இருக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தயாராக வரும் பிளாஸ்டிக் டேங்கைத் திருப்பி வைத்து, வெளிவாயில் வீட்டுக் குழாயை மாட்டுவதும் நடக்கிறது. குழியில் இறக்கும் முன் ஒரு முறை பாருங்கள்.

பிவிசி குழாயின் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. சுவருக்குள் போகும் பகுதியில் சொல்யூஷன் (குழாய் ஒட்டும் பசை) தடவி மணலைத் தூவிக் காயவிட்டு, பிறகு பூசுங்கள். அல்லது ரப்பர் வளையம் போடுங்கள். டேங்கைச் சுற்றி நிரப்பிய மண் முதல் மழைக்கே அமுங்கும். அதன்மேல் கிடக்கும் குழாய் சுவரோரத்தில் முறிந்துவிடும். அந்த இடத்தில் மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்து, மணல் மெத்தை போட்ட பிறகே குழாயை வையுங்கள்.

மழைநீர்க் குழாயை இதில் சேர்க்கவே கூடாது. கசடு அடங்க டேங்கில் ஒரு நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும், ஒரு பெருமழை அதையெல்லாம் அடித்துக்கொண்டு வெளியே தள்ளிவிடும். சமையலறைத் தண்ணீரை முதலில் கொழுப்புத் தடுப்புத் தொட்டி வழியாக விடுங்கள்.

சரி, இந்த மடலின் முக்கியமான கோரிக்கைக்கு வருகிறேன். குழாய் போட்டு முடித்ததும் பள்ளத்தை ஒரு நாள் திறந்தே வையுங்கள். டேங்க் பக்கத்து முனையை அடைத்து, சேம்பர் வரை தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் எந்த இணைப்போ ஒழுகுகிறது என்று பொருள். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு கழிவறையிலும் தண்ணீர் ஊற்றி, டேங்க் வாயில் எப்படி வந்து விழுகிறது என்று வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அளவுநாடாவோடு நாலைந்து படங்கள், வீட்டு மூலையிலிருந்து குழாய்க்கும் மூடிக்கும் உள்ள தூரம், இவற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு மூடுங்கள். பின்னாளில் அடைப்பெடுக்க வருபவர் முற்றம் முழுவதும் தோண்ட வேண்டியிருக்காது.

இதெல்லாம் புதுத் தொட்டிக்கு. ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் டேங்கில் புதுக் குழாய் சேர்க்க நேர்ந்தால், யாரும் உள்ளே இறங்க வேண்டாம், தலையை நீட்டவும் வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே செத்திருக்கிறார்கள். இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளியிலிருந்தே வேலை செய்ய முடியாத இடமென்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

பொறியாளர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் வீட்டுச் சுவரிலிருந்து டேங்கின் உள்வாய் வரை உள்ள வேலையைத் தனி வரியாக எழுதி, பொறுப்பாளர் பெயரையும் போடுங்கள். பள்ளம் திறந்திருக்கும் அந்த ஒரு நாளுக்கான கூலியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
வேலைத்தளங்களில் உங்களோடு நிற்கும் ஒருவன்