உட்காருவதையும் பாடமாக்குங்கள்

பல்கலைக்கழகச் சமூகவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் 14 ஆண்டுகளாகச் சமூகவியல் கற்பித்துவருகிறேன். உங்களில் இருவர் எனக்குப் பாடம் சொன்னவர்கள், ஒருவர் என்னோடு படித்தவர். அந்த உரிமையில் எழுதுகிறேன். இளங்கலைப் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். மனித உடலையும் அதன் அசைவுகளையும் சமூகம் எப்படி வடிவமைக்கிறது என்பதற்கு ஒரு முழுத் தாள் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். கடைசி செமஸ்டரில் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் பாடமாக அதை ஒதுக்கிவிடாதீர்கள். முதலாம் ஆண்டிலேயே எல்லா மாணவர்களும் படிக்க வேண்டும்.

என் அம்மா பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் 19 ஆண்டுகள் சேலைப் பிரிவில் விற்பனைப் பெண்ணாக இருந்தார். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு பத்தாகும். வந்ததும் சாப்பிட மாட்டார். சுவரோரம் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்வார். முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில் கயிறு முறுக்கியதுபோல நரம்புகள் புடைத்திருக்கும். எங்கள் ஊரில் அதை நரம்புச் சுருட்டல் என்பார்கள். நான் தைலம் தேய்த்துவிடுவேன். ஒருநாள், “இன்றைக்குக் கூட்டம் இல்லை என்றாயே, பிறகு ஏன் இவ்வளவு வலி?” என்று கேட்டேன். “கூட்டம் இருந்தால் கால் ஓடிக்கொண்டே இருக்கும், வலி தெரியாது. ஆளில்லாத நாளில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் உயிர் போகும்” என்றார்.

அடுக்கில் சாய்ந்தாலே மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொள்வார். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத மதியம் மூன்று மணிக்கும் கையை முன்னால் கோத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். அந்த நிற்றலால் ஒரு முழம் துணிகூடக் கூடுதலாக விற்காது. பிறகு எதற்காக நின்றார்கள்? இந்தக் கேள்விக்கு மருத்துவரிடம் விடை இல்லை, கடைக் கணக்கிலும் இல்லை. அது நம்முடைய கேள்வி. முதுகலை முடிக்கும்வரை எந்த வகுப்பிலும் அதை நான் கேட்டதில்லை.

இதே தொழிலில் உட்கார்ந்து விற்ற காலமும் உண்டு. என் பாட்டி கல்யாணச் சேலை எடுத்த கதையைச் சொல்லும்போதெல்லாம் முதலில் மெத்தையைத்தான் சொல்வார். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் கடைக்காரரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். புடவை அவர்கள் மடியருகே வந்து விழும். இன்றும் சில பழைய பட்டுக்கடைகளில் அப்படித்தான். பிறகு உயரமான மேசை வந்தது. அதற்கு ஒரு பக்கத்தில் இருப்பவருக்கு நாற்காலி, மறுபக்கத்தில் இருப்பவருக்குக் கால். விற்பவர், வாங்குபவர் என்ற உறவு மாறியதை அந்த இரண்டு உடல்களில் பார்த்துவிடலாம். நாமோ அந்த மாற்றத்தை ‘நுகர்வுப் பண்பாடு’ என்ற தலைப்பில் நான்கு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்தப் படிப்பு நேற்று முளைத்த மோகம் என்று உங்களில் யாரேனும் நினைத்தால், 1934இல் பாரிஸில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்சல் மோஸ் ஆற்றிய உரையை நினைவூட்டுகிறேன். நடப்பது, நீந்துவது, தூங்குவது, மண்வெட்டி பிடிப்பது எல்லாமே கற்றுக்கொண்டவை, சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுபவை என்று அதில் சொன்னார். முதல் உலகப் போரில் பிரெஞ்சு மண்வெட்டியைக் கொண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களால் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்தது என்கிறார். எனக்கு அந்த உரையில் மிகவும் பிடித்தது வேறோர் இடம். போர்முனையில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களோடு இருந்தபோது, சேற்றிலும் தண்ணீரிலும் நிற்க நேர்ந்தால் அவர்கள் குதிகாலில் குந்தி இளைப்பாறினார்கள். மோஸுக்குக் குந்தத் தெரியாது. பூட்ஸ் நனைய நின்றுகொண்டே இருந்தார். குழந்தைகள் எல்லோரும் இயல்பாகக் குந்துகிறார்கள், அந்தத் திறனை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோமே என்று வருந்தினார்.

இதைத் தமிழ்நாட்டு வகுப்பறையில் வாசித்தால் என்ன நடக்கும் தெரியுமா? மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குந்துவது அவர்கள் வீட்டுச் சொத்து. பீடி சுற்றும் அத்தையும், வரப்பில் கஞ்சி குடிக்கும் தாத்தாவும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். “எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் குத்தவைத்துவிட்டாள் என்பார்கள், மேடம்” என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து சொன்னாள். உடல் உட்காரும் விதத்தைக்கொண்டே ஒரு பெண்ணின் பருவ மாற்றத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது நம் மொழி. வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் தயாரித்துவைத்திருந்த குறிப்புகளை மூடிவைத்துவிட்டேன். அந்த மணிநேரம் முழுக்க, பெரியவளான நாளிலிருந்து எப்படி உட்காரக் கூடாது, எப்படி ஓடக் கூடாது, எங்கே காலை நீட்டக் கூடாது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதை மாணவிகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். 1980இல் அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங், பெண்பிள்ளைகள் பந்தெறியும்போது உடல் முழுவதையும் ஈடுபடுத்தாதது ஏன் என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரையை அடுத்த வகுப்பில் கொடுத்தபோது அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு இடையிடையே உட்கார இருக்கை தர வேண்டும் என்று 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. பிரிட்டனில் கடை ஊழியர்களின் இருக்கைக்கென்றே 1899இல் சட்டம் வந்தது. நம் கடைப் பெண்களுக்கு அது கிடைக்க இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், தையல்காரரான பி. விஜி முன்னின்று நடத்திய ‘பெண்கூட்டு’ அமைப்பின் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு இருக்கைக்காகவும் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது.

அந்தச் செய்தி வந்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சற்றுநேரம் பேசவில்லை. “நல்லது. இனி வருகிற பிள்ளைகளாவது உட்காரட்டும்” என்றார். சில மாதங்கள் கழித்து அதே கடைக்கு நாங்கள் இருவரும் போனோம். பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்திருந்தன, மேசைக்கு அடியில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டு. அம்மாவோடு வேலை பார்த்த ஒருவர் இன்னும் அங்கே இருந்தார். உட்காரலாமே என்றேன். “யாராவது பார்த்தால் சும்மா இருக்கிறோம் என்று நினைப்பார்களே” என்றார். மேற்பார்வையாளர் அப்போது அந்தத் தளத்திலேயே இல்லை.

சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்துவிட்டது. உட்காருவது தவறு என்று ஆண்டுக்கணக்கில் பழகிய உடலை அதனால் மாற்ற முடியவில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு ‘ஹாபிட்டஸ்’ என்று சொன்னதை, அதாவது சமூகம் பழக்கி உடலில் ஊறிப்போன இயல்பை, நாம் மூன்றாம் ஆண்டில் வரையறை எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். அவர் அதைத் பிரான்சில் தன் சொந்த ஊர்ப்புறமான பேயார்னில், கிறிஸ்துமஸ் நடனத்தின் விளிம்பில் ஆடாமல் நின்ற, கல்யாணமாகாத விவசாயிகளின் உடலில் பார்த்தார். என் மாணவர்கள் அதை அந்தச் செருகிய ஸ்டூல்களில் பார்க்கட்டும் என்கிறேன்.

சாதியைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் நம் பாடநூல்களில் சாதி அட்டவணையாகவும் கோட்பாடாகவும் இருக்கிறது, உடலாக இல்லை. தோளில் கிடக்கும் துண்டு ஆண்டையைக் கண்டதும் இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கியதே, அந்த ஒரு கையசைவில் எவ்வளவு இருக்கிறது! திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையை 1859ஆம் ஆண்டு அரசாணை வரை போராடித்தான் பெற்றார்கள். அது பழங்கதை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மக்கள் தேர்ந்தெடுத்த பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். கடையில் நிற்க வைப்பதும் ஊராட்சியில் தரையில் உட்கார வைப்பதும் வெவ்வேறு கட்டளைகள்போலத் தெரிந்தாலும், யார் உடல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று வேறொருவர் முடிவுசெய்கிறார் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

முன்பு ஒருமுறை இந்தக் கோரிக்கையை ஒரு கூட்டத்தில் வைத்தபோது, “உடலை உடற்கல்வித் துறையும் மருத்துவக் கல்லூரியும் பார்த்துக்கொள்ளும், ஆட்டத்தை இசைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும்” என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பங்கீடுதான் சிக்கலே. உடற்கல்வியில் தசை இருக்கிறது, அந்தத் தசைக்குச் சொந்தக்காரர் யார் என்பது இல்லை. பறையாட்டத்தின் அடவை ஒருவர் சொல்லிக்கொடுப்பார். அதே அடி சாவு வீட்டில் ஒரு பொருளும் கல்லூரி மேடையில் வேறொரு பொருளும் பெறுவது ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே தொல்காப்பியம் தந்திருக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றுவதைப் பேச நம்மிடம் சொல் இல்லாமல் போகவில்லை.

காலமும் காத்திருக்காது. எங்கள் கல்லூரிக்கு வெளியே வயல்களில் இப்போது நடவு இயந்திரம் ஓடுகிறது. முதுகு வளைந்து, சேற்றில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நாற்று ஊன்றும் பெண்களைச் சில இடங்களில்தான் பார்க்கிறேன். அந்த முதுகுவலி போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இடது கையில் நாற்றுமுடியைப் பிடித்து, வலது கை விரல்களால் கண் பார்க்காமலே இத்தனை நாற்று என்று பிரித்து, வரிசை கோணாமல் ஊன்றும் அந்த அறிவை யாரும் எழுதிவைக்கவில்லையென்றால் அது அவர்களோடு போய்விடும். அவர்களிடம் கேட்டால் சொல்லத் தெரியாது என்பார்கள். செய்து காட்டுவார்கள். பார்த்து எழுதத் தெரிந்த மாணவர்கள் வேண்டும்.

அப்படி எழுத முடியும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். உள்மதிப்பீட்டுக்காக ஒரே ஒரு மணிநேரம் யாராவது ஒருவரின் உடலைப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். ஒரு மாணவி, தன் அக்கா வேலை செய்யும் கடைக்குப் போய், அக்காவின் சம்மதத்தோடு, இப்படி எழுதியிருந்தாள்: “அக்கா வலது காலில் எடையைப் போட்டு நிற்கிறாள். இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து வலது கணுக்காலில் தேய்க்கிறாள். வாடிக்கையாளர் வந்தால் கால் உடனே செருப்புக்குள் போய்விடுகிறது. ஒரு மணிநேரத்தில் 17 முறை. முகம் சிரித்தபடியே இருக்கிறது. மேசைக்கு மேலே ஓர் அக்கா, மேசைக்குக் கீழே ஓர் அக்கா.” 14 ஆண்டுகளில் நான் திருத்திய விடைத்தாள்களில் இதற்கு இணையானது மிகச் சில.

தாளின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஐந்து அலகுகள்: உட்காருதலும் நிற்றலும், உழைக்கும் உடல், சாதியும் தொடுகையும், பெண்ணின் நடை, ஆட்டமும் விளையாட்டும். வாசிப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்துத் தர நானும் வேறு இரண்டு கல்லூரி ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம், ஊதியம் வேண்டாம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்: மதிப்பெண்ணில் பாதியாவது களப்பணிக்கு இருக்கட்டும். பார்க்கப்படுபவரின் சம்மதம் இல்லாமல் யாரையும் குறிப்பெடுக்கக் கூடாது என்ற விதியையும் முதல் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் வந்து விளக்குகிறேன். அம்மாவும் வர விரும்புகிறார். அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். உங்கள் முன்னால் உட்காரத் தயங்குவார், நீங்களே சொன்னால் உட்காருவார்.

இப்படிக்கு,
அரசுக் கலைக் கல்லூரிச் சமூகவியல் ஆசிரியை ஒருவர்