மனைக்கு மட்டும் விலை போடாதீர்கள்: தரங்கம்பாடியின் பழைய வீடுகள் பற்றி ஒரு திறந்த மடல்

மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகத்துக்கும் தரங்கம்பாடிப் பேரூராட்சி மன்றத்தாருக்கும்,

வணக்கம்.

தரங்கம்பாடியில் பழைய வீடு விற்பனைக்கு வருவது புதிதில்லை. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பெரியவர்கள் காலமானதும் வீடு பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் நாலைந்து பேர் கூடி, விற்றுப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவெடுப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆள் இல்லாத வீட்டை உப்புக் காற்றில் காப்பாற்ற என்ன செலவாகும் என்பது கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். விற்கட்டும். என் கவலையெல்லாம் அந்த வீட்டுக்கு விலை போடும் விதத்தைப் பற்றித்தான்.

தரகர் வந்து பார்த்ததும் சொல்வது இதுதான்: "இடத்துக்குத்தான் விலை. வீட்டுக்கு ஒண்ணும் கிடையாது, இடிக்கிற செலவு வேற இருக்கு." பத்திரப் பதிவுக் கணக்கும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. மனைக்கு வழிகாட்டி மதிப்பு உண்டு. கட்டடத்துக்கோ வயது ஏற ஏறத் தேய்மானம் கழித்துக்கொண்டே போவார்கள். நூறு வயதைத் தாண்டிய வீட்டுக்கு அந்தக் கணக்கில் மிஞ்சுவது சொற்பம். வாங்கியவர் அப்புறம் என்ன செய்வார்? தேக்குத் தூண், நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் பழைய மர வியாபாரிக்குத் தள்ளிவிடுவார். வீட்டில் நின்றபோது மதிப்பில்லாத மரத்துக்கு, கழற்றி லாரியில் ஏற்றியதும் நல்ல விலை கிடைத்துவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

இந்த ஊரின் கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1706-இல் ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்து இறங்கினார். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேயே முழுமையாக அச்சேறியது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தபின் வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட, தரங்கம்பாடி வளராமல் நின்றுவிட்டது. அப்படி நின்றதால்தான் 1792-இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டி உள்ளே போனால் பழைய தெரு அமைப்பை இன்றும் பார்க்க முடிகிறது.

ஆனால் ஊரின் பெருமையைப் பேசுகிறவர்கள் டேன்ஸ்போர்க் கோட்டை, ஆளுநர் மாளிகை, புதிய எருசலேம் ஆலயம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவற்றைக் கவனிக்கத் தொல்லியல் துறை இருக்கிறது, திருச்சபை இருக்கிறது. டென்மார்க்கிலிருந்தும் உதவி வந்திருக்கிறது. திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமும் முற்றமுமாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்? கவர்னர் ஒருவர் வாழ்ந்த வீடு மட்டும்தான் வரலாறா? வணிகரும் பொற்கொல்லரும் வாழ்ந்த வீடுகளும் அதே வரலாறுதான். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்கள் நடந்துபோகும் தூரத்தில் தத்தம் வழக்கப்படி கட்டிக்கொண்ட வீடுகள் இத்தனை சின்ன ஊரில் நிற்பது அபூர்வம்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் வசித்த கடற்கரை பங்களாவை, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் என்ற தன்னார்வ அமைப்பு சீரமைத்தது. அது தங்கும் விடுதியானது. 2004 சுனாமிக்குப் பிறகு கோல்ட்ஸ்மித் தெருவில் சில சாதாரண வீடுகளையும் அதே அமைப்பு எடுத்துச் செய்தது. அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள், பழைய வீடு நன்றாக நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இடிக்கலாம் என்ற முடிவுக்கு வாங்குபவரைக் கொண்டுபோவது பெரும்பாலும் சுவர்தான். விற்பனைக்கு நிற்கும் ஒரு வீட்டுத் திண்ணையோரம் குனிந்து பாருங்கள். பழைய சுண்ணாம்புக் காரை இருக்கும் இடத்தில் சுவர் உலர்ந்திருக்கும். அவசரத்துக்கு யாரோ சிமெண்ட் பூசிய இடத்தில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறி, உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே செங்கல் பொடிப்பொடியாக உதிரும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும், விஷயம் அவ்வளவுதான். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, உதிர்ந்த கல்லை மாற்றிச் சுண்ணாம்பு பூசினால் பெரும்பாலான சுவர்கள் தேறிவிடும். இதைச் சொல்ல ஆள் இல்லாததால் "சுவர் போச்சு" என்று வீட்டையே இடிக்கிறார்கள். அந்த இடத்தில் கட்டும் கான்கிரீட் வீட்டின் கம்பி இதே காற்றில் துருப்பிடித்துக் கூரை வெடிப்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் முதலில் கணக்கெடுங்கள். நுழைவாயிலுக்கு உள்ளே இருக்கும் பழைய வீடுகளை அளந்து, வரைபடமும் படமும் எடுத்துப் பேரூராட்சி அலுவலகத்தில் வையுங்கள். விற்பவரும் வாங்குபவரும் கேட்டுப் பார்க்கட்டும். எந்த உத்தரம் நன்றாக இருக்கிறது, எங்கே கரையான், சீர்செய்ய ஏறக்குறைய என்ன ஆகும் என்பது ஒரு தாளில் இருந்தாலே தரகரின் பேச்சு மாறும். கடலோரத்தில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில், இருக்கும் கட்டடத்தைச் சீர்செய்வது வேறு, புதிதாகக் கட்டுவது வேறு. அதையும் அந்தத் தாளில் எழுதிக் கொடுங்கள். இடித்த பிறகு நினைத்த மாதிரி கட்ட முடியாது என்று தெரிந்துகொண்டு வருந்துவதைவிட, வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லது.

இதில் ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். மரபுச் சின்னம் என்று பட்டியலில் ஏறிவிட்டால் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கவேண்டும், விலை விழுந்துவிடும் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். வெறும் தடையாக ஒரு பட்டியல் வந்தால், அது வருவதற்குள் இடித்துவிடுவார்கள். எனவே பட்டியலோடு சலுகையும் சேர்ந்து வரவேண்டும். பழைய வீட்டைப் பராமரிப்பவருக்குச் சொத்து வரியைக் குறைக்க அரசிடம் பேசுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களின் பெயர்கள் அலுவலகத்தில் கிடைக்கட்டும். இடிக்க விண்ணப்பம் வந்தால் மட்டும் சில மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் வீடாகவே வாங்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடலாம். மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கான தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இலேயே சட்டமன்றத்தில் நிறைவேறியது. இந்த ஊரின் வீடுகளை அந்த ஆணையத்தின் முன் கொண்டுபோக வேண்டியது நீங்கள்தான்.

இன்னொன்று. எல்லா வீடும் விடுதியாகிவிடவும் கூடாது. நூலகத்துக்கோ அலுவலகத்துக்கோ புதுக் கட்டடம் வேண்டும் என்று நிதி ஒதுக்கும்போது, விற்பனைக்கு நிற்கும் வீடு ஒன்றை அரசே வாங்கலாமா என்று முதலில் பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கும் திண்ணையாக ஒன்றாவது இருக்கட்டும்.

கணக்கெடுப்பை மட்டுமாவது இந்த ஐப்பசி மழைக்கு முன் தொடங்கிவிடுங்கள். ஓடு விலகிய வீட்டில் ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினாலே உத்தரம் இற்றுவிடும். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் கட்டடக்கலைக் கல்லூரிகளைக் கேளுங்கள். மாணவர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
தரங்கம்பாடியை நேசிக்கும் ஒருவர்