தேனில் பூச்சிக்கொல்லி: எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

தேனில் பூச்சிக்கொல்லி எச்சம் பற்றிய செய்திகளில் எத்தனை மாதிரிகளில் இருந்தது என்பதுதான் தலைப்பாகிறது. எவ்வளவு இருந்தது என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், உலகெங்கும் திரட்டிய 198 மாதிரிகளில் 75 சதவீதத்தில் நியோனிகோட்டினாய்டு என்னும் பூச்சிக்கொல்லி வகை இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதர்களுக்கான வரம்புக்குள்தான் இருந்தன என்றும் அதே ஆய்வு சொன்னது. அது பலர் காதுக்கு எட்டவேயில்லை.

கணக்கு கடினமில்லை. கிலோ தேனில் 0.05 மி.கி. இமிடாக்ளோபிரிட் (அவ்வகைப் பூச்சிக்கொல்லிகளில் ஒன்று) இருக்கிறது என்று வையுங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தை தினமும் 20 கிராம் தேன் சாப்பிட்டால் உள்ளே போவது 0.001 மி.கி. அதை 15-ஆல் வகுத்தால் உடல் எடையில் கிலோவுக்கு 0.000067 மி.கி. ஆயுள் முழுதும் தினமும் உட்கொள்ள ஏற்கத்தக்கது உடல் எடையில் கிலோவுக்கு 0.06 மி.கி.; அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது. 60 கிலோ பெரியவரை வைத்தே கணக்கிட்டால் குழந்தைக்கான ஆபத்து நான்கில் ஒன்றாகக் குறைந்து தெரியும். (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது, அதற்குக் காரணம் பூச்சிக்கொல்லியல்ல, பொட்டுலிசம் என்னும் பாக்டீரியா நச்சு நோய்.) காய்கறி, பழம் வழியாக வருவதையும், ஒரே விதமாகத் தாக்கும் பிற பூச்சிமருந்துகளின் பங்கையும் கூட்டிய பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது 'கண்டறியப்படவில்லை' என்ற முடிவுதான். தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணிக்காகத் தேன்பெட்டியில் வைக்கும் அமிட்ராஸ் மருந்து, தேனின் அமிலத்தன்மையில் சீக்கிரமே சிதைந்துவிடும். சிதைவுப் பொருட்களைச் சேர்த்துத் தேடாத ஆய்வகத்துக்கு அந்தத் தேன் சுத்தமாகவே தெரியும். களைக்கொல்லியான கிளைபோசேட், அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானால் எச்சங்களைப் பிரித்தெடுக்கும் வழக்கமான முறையில் சிக்காது, தனி முறை வேண்டும். தேனை முதலில் தண்ணீரில் நன்றாகக் கரைக்காமல் விட்டாலும் கரைப்பான் உள்ளே இறங்காமல் அளவு குறைந்தே வரும். தேனடை மெழுகில் தங்கும் இன்னொரு உண்ணி மருந்தான கூமாஃபோஸோ, மருந்து வைப்பதை நிறுத்திய பிறகும் தேனில் கசிந்துகொண்டிருக்கும்.

கண்டறியப்படாத மாதிரிகளைப் பூஜ்யம் என்று வைத்துச் சராசரி எடுப்பது இன்னொரு கோளாறு. பூஜ்யமாக ஒருமுறை, கருவியின் கண்டறியும் எல்லையாக (அது காணக்கூடிய மிகக் குறைந்த அளவாக) ஒருமுறை எனக் கணக்கிட்டு இரண்டையும் தர வேண்டும்.

வரம்பை மீறிய தேனை விற்பது சட்டப்படி தவறுதான். அதைச் சாப்பிட்டவருக்குக் கெடுதல் உண்டா என்பது மேலே சொன்ன கணக்கில்தான் தெரியும். ஆகவே இனி வரும் செய்திகளில் மருந்தின் பெயர், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

உணவு எச்சப் பகுப்பாய்வாளர்கள் சிலர்