சாக்ஸ் ஊசியும் தடித்த நாவலும்

அன்புத் தங்கைக்கு,

ஒரே வாரத்தில் ஒரு நாவலையும் படித்து, ஒரு சாக்ஸையும் பின்ன முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் பின்னல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அன்றைக்கு எதைப் படிப்பது என்று முடிவு செய்யணும். மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும்.

64 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), 2.5 மி.மீ. ஊசி, 100 கிராம் சாக்ஸ் நூல் என்று வைத்துக்கொள். முதல் வரிக் கண்ணிகளை ஊசியில் ஏற்றி வட்டமாகச் சேர்க்கும்போது புத்தகத்தைத் தொடவே தொடாதே. ஏற்றிய வரி ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொண்டால், நாலைந்து சுற்று போன பிறகு எல்லாவற்றையும் பிரிப்பதைத் தவிர வழி கிடையாது. கண்ணிகளின் அடிப்பக்கம் முழுக்க ஊசிக்குக் கீழே ஒரே பக்கமாகப் பார்க்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சேர். இரண்டு நிட் (முன்பக்கம் வழவழப்பாகத் தெரியும் கண்ணி), இரண்டு பர்ல் (முன்பக்கம் மேடு தெரியும் கண்ணி) என்று போகும் மேல்பட்டை 4 செ.மீ. அதற்குச் சிறுகதை போதும்.

நாவலுக்கு ஏற்ற இடம் அதற்கடுத்து, காலைச் சுற்றி வரும் பகுதி. சுமார் 15 செ.மீ. வரை சுற்றிச் சுற்றி வெறும் நிட்தான். கண் பார்க்காமலே விரல் பின்னும். புத்தகத்தை ஸ்டாண்டில் சாய்த்து, இரு பக்கமும் கிளிப் போட்டுவிடு. நாலு ஊசியில் 16 கண்ணி வீதம் பிரித்து வைத்திருந்தால், ஒரு ஊசி முடிந்ததும் பக்கத்தைத் திருப்பு. ஊசியின் நடுவில் கையை எடுத்தால் நுனியிலிருக்கும் கண்ணி நழுவும்.

இன்னொன்றையும் கவனி. கதை விறுவிறுப்பானால் கை தானாக இறுகும். 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்தால் சாக்ஸின் சுற்றளவு 20 செ.மீ. அதுவே 34 ஆக இறுகினால் 18.8 செ.மீ.தான். குதிகாலில் மாட்டும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடு. துப்பறியும் கதையைவிட நிதானமாக நகரும் குடும்ப நாவல் பின்னலுக்கு நல்லது என்பது என் கட்சி.

கண்ணி நழுவியதைத் தாமதமாகக் கண்டால் பதறாதே, துணியை இழுத்துப் பார்க்கவும் செய்யாதே. ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு மேலுள்ள கண்ணிதான் பிடித்து வைத்திருக்கிறது. மேலே இருப்பது போனால் கீழே இருப்பதும் வரிசையாகப் போகும். இழுத்தால் இன்னும் வேகமாகப் போகும். அந்த இடத்தில் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும். நுனியில் கொக்கி உள்ள குரோஷே ஊசியை முன்பக்கமிருந்து கண்ணிக்குள் விட்டு, பின்னால் இருக்கும் முதல் படியைக் கொக்கியில் மாட்டி முன்னால் இழு. அப்படியே ஒவ்வொரு படியாக மேலே ஏறு. ஒரு படியைத் தவறவிட்டாலும் உட்பக்கம் அந்த நூல் தொங்கி, கால்விரலில் மாட்டும்.

குதிகாலுக்குப் புத்தகம் வேண்டாம். 32 கண்ணியில் 32 வரிசை பின்னணும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றிவிட்டால் ஓரத்தில் பக்கத்துக்கு 16 கண்ணி எடுக்கலாம். குதிகாலைத் திருப்பி (அடியில் வளைத்து) முடிக்கும்போது 18 மிஞ்சணும். பாதத்தின் மேல்பக்கத்துக்காகக் காத்திருக்கும் 32-ஐயும் சேர்த்தால் மொத்தம் 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டு கண்ணி குறைத்தால், ஒன்பதாவது முறையில் மறுபடி 64. இந்த எண்ணிக்கையில் கதை குறுக்கே வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. அதன் பிறகு பாதம் முழுக்க வெறும் நிட்தான், நாவலை விட்ட இடத்திலிருந்து எடு.

துளை வேலைப்பாடு உள்ள சால்வையும் பின்னுவதாக எழுதியிருந்தாய். அதற்கு ஒலிப்புத்தகம் கேள், அதுவும் கண்ணி எண்ண வேண்டாத வரிசையில் மட்டும். 10 வரிசைக்கு ஒருமுறை வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூலை எல்லாக் கண்ணிக்குள்ளும் கோத்துவை. இடம் தெரிய ஊசியில் மாட்டும் வளையக் குறிகளுக்குள் மட்டும் அதை விடாதே. தப்பு நடந்தால் அந்த வரிசை வரைக்கும் தைரியமாகப் பிரிக்கலாம். வரிசையின் நடுவில் எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்து பார்க்கும்போது நூல் தொங்கும் ஊசி வலது கையில் இருக்கணும். இடது கைக்கு மாறினால் வந்த வழியே திரும்பிப் பின்னிவிடுவாய்.

புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டையிலேயே கால் எத்தனை சுற்று, பாதம் எத்தனை சுற்று என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வா. இரண்டாவது சாக்ஸுக்கு அந்த எண்கள்தான் அளவு.

அன்புடன்,
அக்கா