அத்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாள்

அன்புச் சொந்தங்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு வருஷத் திதி. காலை 9 மணிக்கு மயிலாப்பூர் வீட்டில் படையல், மதியம் அங்கேயே சாப்பாடு. அத்தை செய்கிற மாதிரியே வத்தக்குழம்பு வைக்கிறேன் என்று சின்ன அண்ணி சொல்லியிருக்கிறார்.

நம்மில் பாதிப் பேருக்கு அத்தை, சிலருக்குப் பெரியம்மா, தெருவுக்கே அக்கா. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் நீர்மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நிற்பார். கடைசிப் பல்லக்கு கடந்து போகும்வரை உட்கார மாட்டார். "பிள்ளைங்களுக்கு முதல்ல குடு" என்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாத நாட்களில், கீழ்வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் மாடிக்கு அழைத்து வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சமைத்துப் போட்டார். எனக்கு அப்போது கடும் காய்ச்சல். அந்தக் கூட்டத்திலும் எனக்கென்று தனியாகக் கஞ்சி வைத்து, ஆற்றி, கையில் கொடுத்தார்.

ஒரு வேண்டுகோள். "சாப்டியாடா கண்ணு?" என்று ஆரம்பித்து அத்தை அனுப்பிய குரல் பதிவுகள் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். என் பழைய போனோடு என்னிடம் இருந்தவை போய்விட்டன. ஒன்று கிடைத்தாலும் போதும்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள்.