இருக்கும் இடத்தோடு சேர்த்த விலை

அன்பு நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். முதலில் திட்டிவிட்டு மேலே படி. இங்கு கலிபோர்னியாவில் மகள் வீட்டில் அனைவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, பெரியவர் இன்னும் அந்தச் சைக்கிளை விடவில்லையா என்பதையெல்லாம் எழுது.

நில எடுப்புத் தனி வட்டாட்சியராக இருந்த உன்னிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு விஷயம் வந்திருக்கிறது. என் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா குடியிருக்கும் மொபைல் ஹோம் பார்க் என்ற குடியிருப்பை மூடப்போவதாக அதன் உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்துவிட்டார். அங்கே வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். அது நிற்கும் மனை பார்க் உரிமையாளருடையது. மனைக்கு மாத வாடகை. தொழிற்சாலையில் செய்து லாரியில் வந்து இறங்கும் இந்த வீடுகளில் பெரும்பாலானவை அதன்பின் அசைவதே இல்லை. 1976இல் அமெரிக்க மத்திய அரசின் கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வருவதற்கு முன் செய்யப்பட்ட பழைய வீடுகளைச் சேர்த்துக்கொள்ளப் பல பார்க்குகள் மறுக்கின்றன. பெயர்த்தால் தாங்காதவையும் உண்டு. ஆகவே மனை கைவிட்டுப் போனால் வீடும் போயிற்று. கடன் வாங்கி வாங்கியவர்களுக்கு வீடு போன பிறகும் தவணை நிற்பதில்லை.

இந்த நிலையில், லாரிக் கூலியும் சில மாத வாடகையும் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மனையிலிருந்து பிரித்து மதிப்பிட்டால் அந்த அம்மாவின் வீடு பழைய தகரத்தின் விலைதான் பெறும். அதே வீட்டை அது நிற்கும் இடத்திலேயே விற்றால் பல மடங்கு கிடைக்கும். நியாயமான இழப்பீடு என்ற வழக்கு முழுவதும் இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. வழிகாட்டி மதிப்பை வைத்து நிலத்துக்கு விலை போட்ட நாட்களில் நீ இரவெல்லாம் தூங்காமல் புலம்புவாயே, அதே நோய்தான் இது.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு சட்டம் இருப்பது ஆறுதல். 2020இல் இயற்றப்பட்டு 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வேறொரு பார்க்கில் போதுமான வீடு கிடைக்காதவருக்கு, வீடு இருக்கும் இடத்தில் அதற்குள்ள சந்தை விலையை மூடுபவர் தர வேண்டும். விலையை மாநிலச் சான்று பெற்ற மதிப்பீட்டாளர் நிர்ணயிக்க வேண்டும். அவர், பார்க் தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டே மதிப்பிட வேண்டும். மூடப்போகிறோம் என்ற செய்தியே விலையைச் சரித்துவிடும் என்பதைச் சட்டம் எழுதியவர் புரிந்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு வரிக்காக அவரை வணங்கலாம். ஆனால் 'போதுமான வீடு' எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்பதில்தான் சண்டை வரும் என்று அஞ்சுகிறேன்.

இந்தச் சட்டத்துக்கு முன் இதே மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரில் நடந்ததை நீ அறிந்துகொள்ள வேண்டும். எல் கமீனோ ரியல் சாலையில் நாலரை ஏக்கரில் புவெனா விஸ்டா என்ற பார்க் இருக்கிறது. அப்போது அங்கே சுமார் 400 பேர், பெரும்பாலும் குறைந்த வருமானமுள்ள லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். அதை மூட 2012இல் உரிமையாளர் முனைந்தார். இழப்பீட்டுத் திட்டத்தை ஏற்று 2015இல் நகரமன்றம் அனுமதியும் கொடுத்தது. குடியிருப்போர் அசையவில்லை. அந்த ஊரின் பள்ளிகளுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள மதிப்பு கணக்கில் சேரவே இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது முழு நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் நாட்டின் பெயர்பெற்ற பள்ளிகளில் தன் பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு தோட்டத் தொழிலாளி அந்தச் சிறிய வீட்டில் ஆண்டுக்கணக்காக நெருக்கியடித்து வாழ்ந்திருக்கிறார். அந்த வாழ்வைக் குலைப்பவர் வீட்டின் நீள அகலத்துக்கு மட்டும் விலை கொடுத்துவிட்டுப் போக முடியாது. முடிவில் 2017இல் நகரமும் சாண்டா கிளாரா கவுண்டியும் (நம் மாவட்டம் போன்றது) தலா 1.45 கோடி டாலர் போட, கவுண்டியின் வீட்டுவசதி ஆணையம் மீதியைச் சேர்த்து, சுமார் 4 கோடி டாலருக்கு அந்த இடத்தையே வாங்கியது. அதனால் பார்க் மூடப்படவில்லை. எல்லா ஊருக்கும் இவ்வளவு பணம் கிடைக்காது என்பது தெரியும். இருந்தாலும் எந்த இழப்பீட்டையும்விட இதுவே மேல் என்று நான் யாரிடமும் வாதாடுவேன்.

அந்த அம்மாவின் பார்க்கை மூடுவதால் குடியிருப்போருக்கு என்ன ஆகும் என்று சொல்லும் பாதிப்பு அறிக்கை, உள்ளாட்சி நடத்தும் விசாரணைக்கு 60 நாட்களுக்கு முன் குடியிருப்போர் கைக்கு வர வேண்டும். வந்தவுடன் மதிப்பீட்டுப் பக்கங்களை உனக்கு அனுப்புகிறேன். எந்த வீடுகளின் விற்பனையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், அவை எந்தத் தேதியில் விற்றவை என்பதை உன் பழைய கண்ணால் பார்த்து, எங்கே கேள்வி எழுப்பலாம் என்று எழுது. நீ ஓய்வு பெற்றவன் என்ற சாக்கை நான் ஏற்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உன் எட்டாம் எண் அறைத் தோழன்